பழைய செய்யுளுக்குப் புதுப் பதிப்பு: மூலபாடம் முதல் விற்பனை வரை

பழஞ்செய்யுள் நூல்களின் மூலம் எல்லோருக்கும் பொது. திருக்குறளையும் சங்கப் பாடல்களையும் யாரும் அச்சிடலாம். இணையத்தில் காசில்லாமல் படிக்கவும் கிடைக்கின்றன. ஆனாலும் ஆண்டுதோறும் அவற்றுக்குப் புதுப் பதிப்புகள் வருகின்றன, விற்கவும் செய்கின்றன. பாட்டைத் தனக்கு எட்டும்படி பிரித்து, பொருள் சொல்லி, கைக்கு அடக்கமாகக் கட்டிக் கொடுத்த வேலைக்குத்தான் வாசகர் விலை தருகிறார். அந்த வேலையின் படிகளை இந்த இயல் வரிசையாகத் தருகிறது.

உத்திரமேரூர் போன்ற ஊரிலிருந்து ஒரு தமிழ் மன்றமோ, ஓய்வுபெற்ற தமிழாசிரியரோ, சிறு பதிப்பகமோ 500 பிரதி அளவில் செய்யக்கூடிய முயற்சியை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டு நூல் பெரும்பாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்றான இது, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. 500 அடி கொண்டது.

## சந்தையில் உள்ள முன்மாதிரிகள்

வேலையைத் தொடங்குமுன் ஏற்கெனவே வெற்றி கண்ட வகைகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

1. சொல் பிரித்த மலிவுப் பதிப்பு. மர்ரே எஸ். ராஜம் 1957 முதல் அறிஞர் குழுவைக் கொண்டு சங்க இலக்கியத்தையும் பிற செவ்விலக்கியங்களையும் சந்தி பிரித்து, நிறுத்தக்குறி இட்டு, குறைந்த விலையில் வெளியிட்டார். உரை கிடையாது, பிரித்த மூலமே உதவி. சங்க நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் 1981இல் மறுபடி கொண்டுவந்தது.
2. கையடக்கத் தெளிவுரைப் பதிப்பு. மு. வரதராசனின் திருக்குறள் தெளிவுரையைச் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1949இல் வெளியிட்டது. குறளும் அதன் கீழேயே சுருக்கமான உரையும் என்ற அமைப்பும், சட்டைப் பையில் போகும் அளவும் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன.
3. புதுப் பெயர் சூட்டிய அறிமுகப் பதிப்பு. சுஜாதா குறுந்தொகையை '401 காதல் கவிதைகள்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார். அதே குறுந்தொகையிலிருந்து ஏ.கே. ராமானுஜன் தேர்ந்து ஆங்கிலமாக்கிய பாடல்கள் 1967இல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று வெளியாகி, 2014இல் நியூயார்க்கின் ஒரு கவிதை வரிசையில் மறுபிறவி எடுத்தன. மூலம் ஒன்றே, முகவரி வேறு.
4. கால வரிசைப் பதிப்பு. பாரதியின் படைப்புகளை எழுதிய காலத்தின்படி அடுக்கி சீனி. விசுவநாதன் பதிப்பித்தார். ஆய்வாளருக்கும் நூலகத்துக்கும் உரிய வகை இது. உழைப்பும் செலவும் மிகுதி.

சிறு பதிப்பாளருக்கு முதல் மூன்று வகைகளே கைகூடும்.

## படி 1: வாசகரை முடிவு செய்தல்

நூலின் அளவு, எழுத்து, உரை, அட்டை, விலை ஆகிய எல்லாம் வாசகரைப் பொறுத்தே அமையும். ஆகவே நூலைத் தேர்வதற்கும் முன்பே இந்த முடிவு எடுக்கப்பட வேண்டும்.

- பள்ளி மாணவர்: சொல் பிரித்த மூலம், பெரிய எழுத்து, அருஞ்சொற்பொருள், 100 ரூபாயைத் தாண்டாத விலை.
- ஊர்ப்பற்றுள்ள பொது வாசகர்: எளிய உரைநடை, வரைபடம், படங்கள்.
- பரிசளிப்பவர்: கெட்டி அட்டை, நல்ல தாள், குறைந்த பாடல்கள்.
- ஆய்வாளர்: பாடவேறுபாடுகள், பழைய உரை, சொல்லடைவு.

பொதுவான தவறு: நான்கு பேருக்கும் ஒரே நூலில் விருந்து வைக்க முயல்வது. மாணவருக்கு அது கனம். ஆய்வாளருக்கு அது போதாது. ஒரு பதிப்புக்கு ஒரு வாசகர் போதும்.

எடுத்துக்காட்டுப் பதிப்புக்கு இரண்டாம் வகை வாசகர் கொள்ளப்படுகிறார்.

## படி 2: நூலைத் தேர்தல்

மூன்று கேள்விகளால் தேர்வைச் சுருக்கலாம்.

1. ஊரோடு தொடர்பு உண்டா? காஞ்சி வட்டாரத்துக்குத் தேர்வுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாணாற்றுப்படை, நந்திக் கலம்பகம், குமரகோட்டத்தோடு இணைத்துப் பேசப்படும் கந்தபுராணம், காஞ்சிப் புராணம், உத்திரமேரூர் முருகனைப் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் எல்லாம் உள்ளன.
2. ஒரே சிறு நூலாக அடங்குமா? கந்தபுராணம் 10,000 பாடல்களைத் தாண்டும். அதிலிருந்து ஒரு படலத்தைத் தனியே எடுக்கலாம். பெரும்பாணாற்றுப்படை முழுதாகவே 100 பக்கத்துக்குள் நிற்கும்.
3. சந்தையில் உள்ள பதிப்புகளில் என்ன இல்லை? பத்துப்பாட்டு பெரும்பாலும் தொகுதிகளாகவே கிடைக்கிறது. வரைபடத்தோடு, காஞ்சிக்குப் போகும் வழிநடையாக இந்தப் பாட்டைத் தனியே தந்தால் அது புதுப் பொருள்.

இந்தப் பாட்டின் அமைப்பே பதிப்பாளருக்குத் துணை. பாணன் ஒருவனுக்கு வழி சொல்லும் பாட்டு இது. உப்பு வணிகரின் வண்டிகள், மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் போகும் சுங்கப் பெருவழி, எயினர் குடியிருப்பு, ஆயர் பாடி, வயல் ஊர்கள், கலங்கரை விளக்கம் நிற்கும் துறைமுகம், திருவெஃகா, கடைசியில் காஞ்சி என்று அடுத்தடுத்து இடங்கள் வருகின்றன. அந்த இடங்களையே அத்தியாயத் தலைப்புகளாக்கலாம்.

## படி 3: உரிமையைச் சரிபார்த்தல்

மூலம் பொதுவானது என்பதால் அதைச் சுற்றியுள்ள எல்லாமே பொது என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

1. மூலமும் பழைய உரையும்: நச்சினார்க்கினியர், பரிமேலழகர் போன்றோரின் உரைகளுக்குத் தடையில்லை.
2. அச்சுக் காலப் பதிப்பாசிரியரின் குறிப்புகள்: உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் பதிப்பித்தார். அவர் மறைந்தது 1942இல். உரிமைக் காலம் 2002 முடிவோடு தீர்ந்தது. அவருடைய குறிப்புகளைப் பயன்படுத்தலாம், பெயர் சொல்லி.
3. அண்மைக்கால உரை: மு.வ. மறைந்தது 1974இல். நாட்டுடைமை ஆக்கப்படாதவரை அவர் உரைகளுக்கு 2034 முடிய உரிமை உண்டு. இத்தகைய உரையை எடுத்தாள எழுத்து மூலமான அனுமதி வேண்டும்.
4. நாட்டுடைமை நூல்கள்: பாரதி பாடல்களின் உரிமையை அரசு 1949இல் பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் பல எழுத்தாளர்களின் நூல்களை அரசு இவ்வாறு பொதுவாக்கியுள்ளது. தமிழ் வளர்ச்சித் துறையின் பட்டியலில் பெயர் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.
5. மொழிபெயர்ப்பு, படம், எழுத்துரு: மூலம் ஈராயிரம் ஆண்டுப் பழையதானாலும் மொழிபெயர்ப்பு புதியது. ராமானுஜன் மறைந்தது 1993இல். அவர் ஆங்கில வரிகளை அட்டையில் போடவும் அனுமதி தேவை. கோயில் பழையது, ஆனால் அதன் புகைப்படம் எடுத்தவருக்குச் சொந்தம்.

கவனம்: புதிதாக உரை எழுதித் தருபவர் நண்பரே ஆனாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. மின்னூலும் ஒலிநூலும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும்.

## படி 4: மூலபாடத்தை நிலைநாட்டல்

புதுப் பதிப்பின் மானம் இந்தப் படியில் இருக்கிறது. அட்டை அழகாக இருந்து பாட்டில் பிழை இருந்தால், முதல் மதிப்புரையிலேயே நூல் படுத்துவிடும்.

1. அடிப்படைப் பதிப்பு ஒன்றைத் தெரிவு செய்தல். உ.வே.சா. பதிப்பு நல்ல தொடக்கம். அது எந்த ஆண்டு அச்சு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
2. ஒப்பிட இன்னும் இரண்டு பதிப்புகள். சென்னையில் உள்ள உ.வே.சா. நூல்நிலையம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம் ஆகியவை தேடத்தக்க இடங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகமும் மதுரைத் திட்டமும் மின்வடிவில் உதவும்.
3. தட்டச்சு. யூனிகோடிலேயே அடிக்க வேண்டும். பழைய எழுத்துருக் கோப்பை மாற்றினால் துணைக்கால் 'ர' ஆகும். 'ஔ' இரண்டு எழுத்தாகப் பிரியும். கொம்பு இடம் மாறும்.
4. சீர் பிரித்த கோப்பும் சொல் பிரித்த கோப்பும் தனித்தனியே. சந்தி பிரித்தால் ஓசை குலையும், சீர்க் கணக்கும் மாறும். சீர் பிரித்த கோப்பே மூலம். சொல் பிரித்தது அதிலிருந்து பிறந்தது. இரண்டையும் கலக்கக் கூடாது.
5. மெய்ப்பு மூன்று முறை. முதல் முறை அடிப்படைப் பதிப்போடு ஒப்பிட்டு. இரண்டாம் முறை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் பார்த்து. மூன்றாம் முறை பக்கம் கட்டிய பிறகு.

குறிப்பு: யாப்பே நல்ல மெய்ப்புப் பார்ப்பவர். ஆசிரியப்பாவில் அடிக்கு 4 சீர்; நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடியில் 3 சீர். எண்ணிக்கை பிசகும் அடியில் பெரும்பாலும் ஒரு சொல் விட்டுப்போயிருக்கும், அல்லது இரண்டு சொல் ஒட்டியிருக்கும்.

பொதுவான தவறு: 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட நூலைப் படமெடுத்து, எழுத்துணரி மென்பொருளிடம் விட்டுவிட்டு மெய்ப்புப் பார்க்காமல் இருப்பது. பழைய வடிவ ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவற்றில் மென்பொருள் தடுமாறும். ல-ழ-ள, ண-ன-ந, ர-ற மயக்கங்கள் அதற்கு மேல்.

பழைய நூலைக் கையாளும்போது: கட்டடம் தளர்ந்த நூலை வருடியின் மேல் மல்லாத்தி அழுத்தக் கூடாது, மேலிருந்து கைப்பேசியில் படமெடுப்பதே பாதுகாப்பு. கிழிசலுக்குச் செல்லோ டேப் ஒட்டினால் தாள் பழுப்பேறி நிரந்தரமாகக் கெடும். பூஞ்சை பிடித்த நூலைத் திறக்குமுன் முகக்கவசம் அணிய வேண்டும்.

## படி 5: பக்கத்தை அமைத்தல்

வாசகர் கடையில் நூலைப் புரட்டும் சில நொடிகளில் கண்ணில் படுவது பக்க அமைப்பு. பொது வாசகருக்கான செய்யுள் பதிப்புக்கு எதிரெதிர்ப் பக்க முறை ஏற்றது: இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் அதே அடிகளின் உரைநடை.

டெமி 1/8 அளவில் இடப்பக்கத்துக்கு 16 அடி வைத்தால் 500 அடிக்கு 32 பக்கம் வேண்டும். வலப்பக்கங்களும் சேர 64. மிளகுக் கழுதைகள் வரும் பகுதியை எடுத்துக்கொண்டால், இடப்பக்கத்தில் சொல் பிரித்த அடிகளும் ஐந்தைந்து அடிக்கு ஓரத்தில் சிறு எண்ணும் நிற்கும். வலப்பக்கத்தின் மேல் முக்கால் பங்கில் உரைநடை. கீழே மெல்லிய கோட்டுக்கடியில் 'உல்கு: சுங்கவரி', 'உமணர்: உப்பு வணிகர்' என்பன போன்ற ஆறேழு அருஞ்சொற்கள். ஒரு சொல்லுக்காக வாசகர் நூலின் கடைசிக்குப் போய்த் திரும்ப வேண்டியிராது.

மீதிப் பக்கங்களின் கணக்கு:

- முகப்புப் பக்கங்கள்: 6
- முன்னுரை: 12
- வரைபடம்: 2
- சொல்லடைவு: 10
- குறிப்பெழுத வெற்றுப் பக்கம்: 2 (மூலம் இடப்பக்கத்தில் தொடங்க ஒன்று அதற்கு முன், மற்றது கடைசியில்)

மொத்தம் 96 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரம் ஆறு. ஃபாரக் கணக்குக்குள் நூலை நிறுத்தினால் தாள் வீணாகாது. 98 பக்கம் என்று வந்தால் அந்த 2 பக்கத்துக்காகச் செலவு ஏறும். முன்னுரையைச் சுருக்குவதே வழி.

பொதுவான தவறு: பக்க எண்ணைக் கவனியாமல் விடுவது. இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை எண். முன்னுரையில் கடைசி நேரத்தில் ஒரு பக்கம் கூடினால் மூலம் வலப்பக்கத்துக்குப் போய், உரை தாளின் பின்புறத்துக்குப் போய்விடும். 32 இணைப் பக்கங்களும் குலையும். அச்சுக்கு அனுப்பும் பிடிஎஃப் கோப்பை இருபக்கக் காட்சியில் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தே தீர வேண்டும்.

குறிப்பு: பிரிக்கப்படாத நீண்ட அடி பத்தி அகலத்துக்குள் அடங்காவிட்டால் எழுத்தளவைக் குறைக்க வேண்டும். அடியை மடித்துக் கீழே இறக்கினால் மாணவர் அதை இரண்டு அடியாக எண்ணிவிடுவார்.

## படி 6: புதியது எது என்று சொல்லுதல்

புதுப் பதிப்பு என்ற பெயருக்குப் புதுச் சரக்கு வேண்டும். இந்த நூலில் அது வரைபடம், எளிய உரைநடை, ஊர்க்குறிப்புகள் ஆகியவை. இவை பின் அட்டையில் மூன்று வரியில் வர வேண்டும்.

1. மாற்றமின்றி மறுபடி அச்சிட்டால் அது மறுஅச்சு. உள்ளடக்கம் கூடியோ திருந்தியோ வந்தால்தான் அடுத்த பதிப்பு. பதிப்புரிமைப் பக்கத்தில் இரண்டையும் தனியே குறிக்க வேண்டும்.
2. எந்த மூலத்தை அடிப்படையாகக் கொண்டது, எங்கெங்கே பாடம் மாற்றப்பட்டது என்று பதிப்புரையில் ஒரு பத்தியாவது எழுத வேண்டும்.
3. உரையாசிரியர், பதிப்பாசிரியர், மெய்ப்புப் பார்த்தவர், அட்டை ஓவியர் ஆகியோர் பெயர் முகப்பில் இருக்க வேண்டும்.
4. முன்னுரை 12 பக்கத்தைத் தாண்டக் கூடாது. வாழ்த்துரை, அணிந்துரை, ஆசியுரை என்று அடுக்கினால் வாசகர் பாட்டை எட்டுமுன்னரே நூலை மூடிவிடுவார். ஓர் அணிந்துரை போதும்.

## படி 7: தலைப்பும் அட்டையும்

பழைய நூலின் பெயரை மறைக்கக் கூடாது. அதற்குத் துணைத்தலைப்பு சேர்க்கலாம். 'பெரும்பாணாற்றுப்படை' என்பதன் கீழ் 'காஞ்சிக்கு ஒரு பழைய வழிநடை' என்று வந்தால் தமிழாசிரியருக்கும் புரியும், பேருந்து நிலையக் கடையில் நிற்பவருக்கும் புரியும். புதுப் பெயரை மட்டும் அச்சிட்டால் நூலகப் பட்டியலிலும் இணையத் தேடலிலும் நூல் தொலைந்துபோகும்.

அட்டைக்கான வரிசை:

1. நூலில் உள்ள ஒரு பொருளை மட்டும் எடுத்தல்: யாழ், உப்பு வண்டி, கலங்கரை விளக்கம் ஆகியவற்றில் ஒன்று.
2. ஓவியருக்கு அந்தப் பகுதியின் உரைநடையைப் படிக்கக் கொடுத்தல்.
3. வரைந்த அட்டையைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிக் கைப்பேசியில் பார்த்தல். அந்த அளவிலும் தலைப்பு படிக்க முடிய வேண்டும். இணையக் கடையில் வாசகர் பார்ப்பது அதைத்தான்.
4. முதுகுப்பட்டையில் நூற்பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தல். நூலக அலமாரியில் தெரிவது முதுகு மட்டுமே.

பொதுவான தவறு: உத்திரமேரூரில் வெளியாகும் நூல் என்பதற்காகக் குடவோலைக் கல்வெட்டின் படத்தை அட்டையாக்குவது. அந்தக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பாட்டு பல நூற்றாண்டு முந்தியது. கைலாசநாதர் கோயில் கோபுரத்துக்கும் இதே தடை. காலம் பொருந்தாத அட்டையைத் தெரிந்த வாசகர் உடனே கண்டுகொள்வார். உள்ளே உள்ள உழைப்பையும் ஐயப்படுவார்.

## படி 8: அச்சு, செலவு, விலை

1. எண்ணிக்கை: 100 பிரதிக்குக் குறைவானால் டிஜிட்டல் அச்சு, 500க்கு மேல் ஆஃப்செட். இடைப்பட்ட அளவுக்கு இரண்டு விலையும் கேட்க வேண்டும்.
2. தாள்: உள்ளே 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. வெள்ளையைவிட நேச்சுரல் ஷேடு கண்ணுக்கு இதம். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லாமினேஷன்.
3. கட்டடம்: பசைக் கட்டடம் மலிவு. அடிக்கடி திறக்கும் நூலுக்கும் நூலகப் பிரதிக்கும் தையல் கட்டடம் நிலைக்கும்.
4. மாதிரிப் பிரதி: முழு அச்சுக்கு முன் ஒரு பிரதியைக் கட்டித் தரச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

செலவுக் கணக்கைப் பழக ஓர் எடுத்துக்காட்டு. இதில் உள்ள தொகைகள் கணக்குக்காக வைத்தவை. உண்மை விலையைக் காஞ்சிபுரம், சென்னை, சிவகாசி அச்சகங்களில் மூன்றிடமாவது கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

- அச்சும் கட்டடமும், 500 பிரதி: ரூ. 30,000
- பக்கம் கட்டல், ஓவியம், மெய்ப்பு: ரூ. 10,000
- மொத்தம்: ரூ. 40,000, ஒரு பிரதிக்கு ரூ. 80
- முகவிலை: ரூ. 200
- கடைக்கழிவு 35 விழுக்காடு போக வருவது: ரூ. 130
- அனுப்பும் செலவு ரூ. 10 போக: ரூ. 120

40,000ஐ 120ஆல் வகுத்தால் 334. அத்தனை பிரதி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். மதிப்புரைக்கும் அன்பளிப்புக்கும் 50 பிரதி போனால், விற்பதற்கு மிஞ்சுவது 450. ஆதாயம் தருவது அதில் கடைசி 116 பிரதி மட்டுமே. அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சுக்கூலிக்கு உண்டு என்பதால் அதையும் அச்சகத்தின் விலைப்புள்ளியில் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பணப் பாதுகாப்பு: அச்சகத்துக்கு முழுத் தொகையையும் முன்பணமாகத் தரக் கூடாது. பாதி முன்பணம், பிரதிகளை எண்ணி வாங்கியபின் மீதி என்பது நல்ல ஏற்பாடு. தாளின் தரம், பிரதி எண்ணிக்கை, தரும் நாள் மூன்றும் விலைப்புள்ளியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சேமிப்பு: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓட்டு வீட்டில் நூல்கட்டைத் தரையில் வைத்தால் ஈரமும் கரையானும் உறுதி. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரப்பலகை மேல் அடுக்கி, மாதம் ஒருமுறை இடம் மாற்றி வைக்க வேண்டும்.

## படி 9: பதிவுகள்

1. ஐஎஸ்பிஎன் எண்ணை, ராஜா ராம்மோகன் ராய் பெயரில் மைய அரசு நடத்தும் முகமையிடம் இணையவழியில் கட்டணமின்றிப் பெறலாம். அச்சுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கெட்டி அட்டைக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண்.
2. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி பதிப்பாளர் செலவில் அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.
3. தமிழ்நாடு பொது நூலகத் துறை நூல் கொள்முதலை அறிவிக்கும்போது விண்ணப்பிக்கலாம். ஆணை வந்தால் வரவு. அதை நம்பி 1,000 பிரதி அச்சிடுவது ஆபத்து.

## படி 10: விற்பனை

முன்வெளியீட்டுத் திட்டம். அச்சுக்கு ஆறு வாரம் முன்பு, குறைந்த விலையில் முன்பதிவு வாங்கலாம். 100 பேர் ரூ. 150 கட்டினால் ரூ. 15,000 கையில் வரும். அச்சகத்தின் முன்பணம் அதுவே. வெளியாகும் நாளை மாற்றினால் நம்பிக்கை போய்விடும். கோப்பு முழுமையாகத் தயாரான பிறகே அறிவிக்க வேண்டும்.

ஊருக்குள். பள்ளித் தமிழாசிரியர்கள், கிளை நூலகம், தமிழ் மன்றங்கள் முதல் வட்டம். பரிசளிப்பு விழாக்களுக்கு 25 பிரதி வாங்கினால் தனிக் கழிவு என்று சொல்லலாம். கல்வெட்டுகள் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வெளியூர்ப் பார்வையாளர்கள் வருவதுண்டு. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் வளாகத்துள் கடை விரிக்கக் கூடாது; அருகிலுள்ள கடைகளில் விற்பனைக்கு வைக்கலாம். மற்றக் கோயில்களில் செயல் அலுவலரின் அனுமதி வேண்டும்.

திருமண வரிசை. பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வரும் குடும்பங்கள் தாம்பூலப் பையில் போட நூல் தேடுவதும் உண்டு. இதற்கு 48 பக்கக் குறள் தொகுப்போ குறுந்தொகைத் தொகுப்போ ஏற்றது. நூல் ஒன்றே, மேலுறை மட்டும் மணமக்கள் பெயரோடு தனியே அச்சாகும். பெயரும் நாளும் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்ற பிறகே அச்சுக்குப் போக வேண்டும். மணமகள் பெயரில் ஒரு புள்ளி பிசகினால் மொத்தக் கட்டும் திரும்பிவரும்.

புத்தகக் காட்சி. சென்னைக் காட்சி பொங்கலையொட்டி நடக்கும். வாசகர் 10 விழுக்காடு கழிவை எதிர்பார்ப்பார். சிறு பதிப்பாளர் தனி அரங்கு எடுப்பதைவிட வேறொரு பதிப்பகத்தின் அரங்கில் 50 பிரதி வைப்பது சிக்கனம். மாவட்டக் காட்சிகளில் ஊர் நூலுக்குத் தனி மதிப்பு உண்டு.

மதிப்புரை. இதழ்களுக்கு இரண்டிரண்டு பிரதி அனுப்புவது வழக்கம். கூடவே ஒரு பக்கக் குறிப்பு: நூல் என்ன, இதில் புதியது என்ன, விலை, கிடைக்குமிடம்.

இணையமும் அஞ்சலும். வாட்ஸப்பிலும் முகநூலிலும் வாரம் ஒரு சிறு பகுதியை உரையோடு பகிரலாம். நூலில் வரும் வழியை வரைபடத்தோடு சொல்லும் ஒரு நிமிடக் காணொளி, அட்டைப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதைவிட வேலை செய்யும். கிண்டிலில் பொது உரிமை நூலை வெளியிட, புதிய குறிப்புரையோ மொழிபெயர்ப்போ ஓவியமோ சேர்ந்திருக்க வேண்டும். வெறும் மூலத்தைத் தள்ளிவிடுவார்கள். அச்சு நூலை அனுப்ப, அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய 'ஞான் போஸ்ட்' சேவை உள்ளது. கட்டணத்தையும் விதிகளையும் உத்திரமேரூர் அஞ்சலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

நாட்காட்டி. தை 2 திருவள்ளுவர் நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், டிசம்பர் 11 பாரதி பிறந்த நாள். நூலுக்குப் பொருந்தும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, நான்கு மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

## வெளியான பிறகு

1. ஒரு பிரதியின் அட்டையில் 'திருத்தப் பிரதி' என்று எழுதி, கண்ணில் படும் பிழைகளையும் வாசகர் சுட்டியவற்றையும் அதிலேயே குறித்து வர வேண்டும்.
2. பொருளை மாற்றும் பிழை இருந்தால், விற்காத பிரதிகளில் பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும்.
3. கடைகளில் விற்பனைக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்டு எழுதி வாங்க வேண்டும்.
4. எந்த வழியில் எத்தனை பிரதி போனது என்று தனித்தனியே குறிக்க வேண்டும். திருமண வரிசையில் 200 போய்ப் புத்தகக் கடையில் 20 போயிருந்தால், அடுத்த நூலின் அளவும் அட்டையும் அதற்கேற்ப அமையும்.
5. 100 பிரதி மிஞ்சும்போதே மறுஅச்சா, திருந்திய பதிப்பா என்று முடிவு செய்ய வேண்டும். திருத்தப் பிரதியில் ஓரிரு எழுத்துப்பிழைகள் மட்டும் இருந்தால் மறுஅச்சு; உரையையோ வரைபடத்தையோ மாற்ற வேண்டியிருந்தால் இரண்டாம் பதிப்பு.